கல் பதிக்க வீட்டிலேயே செய்துகொள்ளும் கருவிகள்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் கும்பகோணத்தையும் தஞ்சாவூரையும் சுற்றியுள்ள ஊர்களில், ரவிக்கைத் துணியை நூலாலும் கல்லாலும் அழகுபடுத்தும் ஆரி வேலை செய்யும் வீடுகளுக்கு ஓய்வு இருப்பதில்லை. அது முடிவதற்குள் நவராத்திரி வந்துவிடும்; பரணிலிருந்து இறக்கிய கொலு பொம்மைகளின் கிரீடத்திலும் மாலையிலும் உதிர்ந்துபோன கற்களை மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கும். இந்த வேலைகள் எல்லாவற்றிலும் நேரத்தை விழுங்குவது பசை தடவுவதோ கோலம் வரைவதோ அல்ல. ஒரு கல்லை எடுத்து, முகம் மேலாக நிறுத்தி, நினைத்த புள்ளியில் வைத்துவிட்டுக் கையை விலக்கும் அந்தச் சில நொடிகள்தாம். ஒரு மணப்பெண் ரவிக்கையின் இரண்டு கைகளுக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான கற்கள் போகும் என்பதால், கல்லுக்கு ஐந்து நொடி மிச்சமானாலும் மொத்தத்தில் கணிசமான நேரம் மிச்சமாகும்.

விரலால் எடுப்பது ஏன் சரிவராது என்பதைக் கல்லின் அளவே சொல்லிவிடும். கடைகளில், கல்லின் அளவைக் குறிக்கும் எஸ்.எஸ். என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணைச் சேர்த்துத்தான் இந்தக் கற்களை விற்கிறார்கள். எஸ்.எஸ். 6 என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது, எஸ்.எஸ். 10 என்பது 2.8 மில்லிமீட்டர், எஸ்.எஸ். 16 என்பது 4 மில்லிமீட்டர், எஸ்.எஸ். 20 என்பது 4.7 மில்லிமீட்டர். கடுகுக்கும் துவரம்பருப்புக்கும் இடைப்பட்ட இந்த அளவுகளில், வியர்வை பிசுபிசுக்கும் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் கல் பசையின் மேல் இறங்க மறுக்கும். இறங்கினாலும் கோணலாக இறங்கும். கல்லின் தட்டையான முதுகில் பூசியிருக்கும் பளபளப்பான பூச்சுதான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விரலின் ஈரமும் எண்ணெயும் அங்கே பட்டால் பசையின் பிடி தளர்ந்துவிடும். இடுக்கியைப் பலரும் பரிந்துரைப்பார்கள்; நான் பரிந்துரைக்க மாட்டேன். இடுக்கியின் முனை விளிம்பில் அழுந்தும்போது பூச்சு கீறப்படுகிறது. சற்று அழுத்தம் கூடினால் கல் தெறித்துப்போய்விடும், தெறித்த கல்லைத் தரையில் தேடுவது கல் ஒட்டுவதைவிடப் பெரிய வேலை.

ஆகவே நமக்குத் தேவை கல்லின் முகத்தை மட்டும் தொட்டு எடுக்கும் கருவி. அந்தக் கருவி எதனால் ஆனதாக இருந்தாலும் அதற்கு ஒரே ஓர் இலக்கணந்தான் உண்டு: அதன் பிடி கல்லின் எடையைவிட வலுவாகவும், ஈரப் பசையின் பிடியைவிட மெலிவாகவும் இருக்க வேண்டும். முதலாவது குறைந்தால் கல் வழியிலேயே விழும். இரண்டாவது தவறினால் வைத்த கல் கோலோடு திரும்பி வரும். இந்த இடைவெளியைச் சரியாகப் பிடிப்பதுதான் கருவி செய்வதன் முழுக் கலையும், மற்றவை எல்லாம் கைப்பழக்கம்.

மெழுகுக் கோல்

நான் மிகுதியாகப் பயன்படுத்துவது தேன்மெழுகு முனை வைத்த கோல். மெழுகுவர்த்தி மெழுகு இதற்கு உதவாது. அது நொறுங்கும், வழவழக்கும், ஒட்டாது. தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும். வாங்கும்போது முகர்ந்து பார்ப்பது நல்லது. மெல்லிய தேன் மணம் இருந்து, விரல் சூட்டில் சற்று நேரத்தில் இளகினால் நல்ல மெழுகு.

மெழுகை எண்ணெய் சேர்த்துப் பதப்படுத்துவது நம் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. சுவாமிமலையில் பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், முதலில் செய்யும் மெழுகு உருவுக்காகத் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்து காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் இறுக்கத்தைத் தருகிறது, எண்ணெய் இளக்கத்தைத் தருகிறது; இரண்டின் அளவையும் மாற்றி மெழுகின் குணத்தைக் கைக்கு ஏற்றபடி கொண்டுவருகிறார்கள். நம்முடைய சிறு வேலைக்குக் குங்கிலியம் தேவைப்படாது என்றாலும், பதத்தை எண்ணெயால் ஏற்றி இறக்கலாம் என்ற அறிவு அப்படியே பொருந்தும்.

20 கிராம் தேன்மெழுகைச் சீவிச் சிறு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர் உள்ள பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் நீரின் சூடே போதும்; நேராக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பற்றக்கூடும், எனவே அந்தச் சுருக்குவழி வேண்டாம். கிண்ணத்தினுள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருகியதும் அரைத் தேக்கரண்டி விளக்கெண்ணெயைச் சேர்த்துக் கலக்கவும். தேங்காய் எண்ணெயும் கலக்கலாம் என்று சொல்வார்கள். அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய், மார்கழிக் காலையில் புட்டியில் உறைந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைக் கலந்த கோல் அந்த நாள்களில் கல்லைப் பிடிக்காமல் மழுங்கிப்போகிறது. விளக்கெண்ணெய்க்கு அந்தக் குறை இல்லை.

அடுத்து ஒரு சிட்டிகை கரித்தூள். கொட்டாங்கச்சியைச் சுட்டு எடுத்த கரியை நன்றாக அரைத்து, வேட்டித் துணியில் சலித்த மாவு போன்ற தூளாக இருக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் கல்லின் முகத்தில் கீறல் விழும். தூள் சேர்ப்பதால் மெழுகின் மிகையான பிசுபிசுப்பு குறைந்து, கல்லின் மேல் படலம் படிவதும் குறைகிறது. அத்துடன் முனை கறுப்பாக இருப்பதால், வெள்ளைக் கல்லின் மேலோ வெளிர் நிறத் துணியின் மேலோ மெழுகுத் துணுக்கு ஒட்டினால் உடனே கண்ணில் படும். நான் தூள் சேர்ப்பதற்கு இந்த இரண்டாவது காரணமே முதன்மையானது.

ஆறத் தொடங்கியதும் மெழுகை எடுத்துச் சப்பாத்தி மாவைப் பிசைவதுபோலப் பிசைந்து உருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிசையாத மெழுகில் எண்ணெய் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும்.

கோலுக்குத் தென்னை ஈர்க்கே எனக்கு உகந்தது. டெல்டாவில் அதற்குப் பஞ்சமில்லை. புதிய துடைப்பத்தின் அடிப்பக்கத்திலிருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவி, 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, நன்றாக உலர்த்திக்கொள்ளலாம். உலர்ந்த ஈர்க்கு விறைப்பாகவும் அதே சமயம் சிறிது வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். கல்லைப் பசையில் அழுத்தும்போது அந்தச் சிறு வளைவு கையின் நடுக்கத்தை வாங்கிக்கொள்கிறது. மூங்கில் குச்சியிலும் பல் குத்தும் குச்சியிலும் அந்த நயம் கிடையாது. ஆனால் ஈர்க்கு மட்டும் விரலுக்கு மிக மெல்லியது, நெடுநேரம் பிடித்தால் கட்டைவிரல் வலிக்கும். எனவே தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈர்க்கைச் செருகி, ஆடாதபடி நூல் சுற்றி இறுக்கிவிடுங்கள். முனை 3 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

இப்போது முனையை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து எடுத்து ஆறவிட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு நேராக மெழுகு உருண்டையைக் குத்தினால், நான்காவது ஐந்தாவது கல்லோடு உருண்டையும் கழன்று வந்துவிடும். தோய்த்த முனையின் மேல் உருண்டையை வைத்துக் கூம்பாக உருட்டி, நுனியை மழுங்கலாக விட வேண்டும். எஸ்.எஸ். 6 கல்லுக்குக் கடுகளவு மெழுகு, எஸ்.எஸ். 10க்கும் 16க்கும் பாசிப்பயறு அளவு, எஸ்.எஸ். 20க்குத் துவரம்பருப்பு அளவு என்பது என் கணக்கு. மழுங்கிய நுனி கல்லின் முகத்தில் பாதிக்கு மேல் பரவாமல் இருக்க வேண்டும். முகம் முழுவதும் மூடினால் விளிம்பு தெரியாமல் கல் எங்கே இறங்குகிறது என்று கணிக்க முடியாது. அதனால் அளவுக்கு ஒரு கோல் என மூன்று கோல்கள் செய்துகொள்வது சிக்கனமே.

பேனாவின் மறு முனையில், கண் உள்ள பக்கம் வெளியே நீட்டியிருக்கும்படி ஒரு தடித்த கோணி ஊசியைப் பொருத்திக்கொண்டால் இரண்டு வேலைகளும் ஒரே கருவியில் முடியும். மெழுகு முனை கல்லை எடுத்து வைக்கும். கோலை உடனே திருப்பி, ஊசியின் மழுங்கிய கண் பக்கத்தால் கல்லைத் தள்ளி நேராக்கலாம். கைக்கு அருகில் மற்றொரு கருவியைத் தேட வேண்டியதில்லை என்பது வேலையின் ஓட்டத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பதைச் செய்து பார்த்தால்தான் உணர முடியும்.

பதம் பார்க்க ஒரு சோதனை போதும். நீங்கள் பதிக்கப்போகும் கற்களில் பெரியதை மெழுகு நுனியால் தொட்டு எடுத்து, கோலைப் பத்து எண்ணும் வரை செங்குத்தாகப் பிடியுங்கள், விழக்கூடாது. பிறகு ஒரு துண்டுத் துணியில் பசைப் புள்ளி வைத்து, மிகச் சிறிய கல்லை அதன்மேல் இறக்கிக் கோலைச் சாய்த்து எடுங்கள். கல் அங்கேயே நிற்க வேண்டும். முதல் சோதனையில் தோற்றால் மெழுகை விரலிடையே உருட்டிச் சூடேற்றலாம், அதற்கும் மசியாவிட்டால் ஒரு துளி எண்ணெய் தடவிப் பிசையலாம். இரண்டாவதில் தோற்றால் புது மெழுகும் சிறிது கரித்தூளும் சேர்த்துப் பிசைய வேண்டும்.

வைப்பதிலும் எடுப்பதிலும் உள்ள நுணுக்கம்

கல்லைத் தொடும்போது கோல் நேராக நிற்க வேண்டும். விடும்போது சாய வேண்டும். பழகாதவர்கள் பெரும்பாலும் விடும்போதும் நேராகவே தூக்குகிறார்கள், அப்போது மெழுகின் பிடி முழுவதும் ஒரே சமயத்தில் இழுப்பதால் கல் திரும்பி வருகிறது. கல்லைப் பசையின் மேல் வைத்து, ஒரு நொடி மெல்ல அழுத்தி, கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் மெழுகு கல்லின் ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி உரிந்து விலகும். ஈர வாழையிலையைத் தரையிலிருந்து நடுவில் பிடித்துத் தூக்குவதற்கும் ஓரத்தைப் பிடித்து உரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பசைப் புள்ளி கல்லின் அடிப்பரப்பைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். அழுத்தும்போது அது பரவி, விளிம்பைச் சுற்றி மயிரிழை போன்ற வளையம் தெரிந்தால் அளவு சரி. துணிக்குத் துணிப்பசைதான் ஏற்றது. உடனே பிடிக்கும் சூப்பர் க்ளூ வகைப் பசையிலிருந்து கிளம்பும் ஆவி கல்லைச் சுற்றி வெண்படலமாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும்; துணியையும் அந்த இடத்தில் விறைப்பாக்கிவிடும். ஒரே நேரத்தில் ஐந்தாறு புள்ளிகளுக்கு மேல் வைக்கக் கூடாது, குறிப்பாகக் கோடை நாளில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தால், ஏழாவது புள்ளிக்கு வருவதற்குள் மேலே தோல் படிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு: அடைமழையின் ஈரக்காற்றில் பசை மெதுவாக இறுகுவதால், ஒட்டிய ரவிக்கையை ஆரிக் கட்டையிலிருந்து அவிழ்க்காமல் ஒரு நாள் முழுவதும் தட்டையாக விட்டுவிடுவதே பாதுகாப்பு.

கற்கள் முகம் மேலாகக் கிடந்தால்தான் இந்தக் கருவிகள் எல்லாம் வேலை செய்யும். பொட்டலத்தைக் கொட்டினால் பாதிக் கற்கள் குப்புறக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதில்லை. பனையோலைப் பெட்டியின் மூடி, அல்லது நெருக்கமாகப் பின்னிய சிறு முறம் இருந்தால், ஒரு கைப்பிடிக்கும் குறைவான கற்களை அதில் பரப்பி, அரிசி புடைப்பதைவிட மிக மென்மையாக, பக்கவாட்டில் அசைத்து விரலால் தட்டிக்கொண்டே இருங்கள். சொரசொரப்பான பரப்பில் குப்புறக் கிடக்கும் கல் தள்ளாடிப் புரளும். தட்டையான முதுகில் அமர்ந்த கல் அசையாது. சிறிது நேரத்தில் பெரும்பாலான கற்கள் திரும்பிவிடும், எஞ்சியவற்றை ஊசி முனையால் புரட்டலாம். எவர்சில்வர் தட்டு இதற்கு ஆகாது; வழுவழுப்பில் கற்கள் சறுக்குமே தவிரப் புரளாது.

உறிஞ்சு குழல்

எஸ்.எஸ். 30 போன்ற 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களுக்கும், தஞ்சாவூர் ஓவியத்தில் பதிக்கும் பெரிய கற்களுக்கும் மெழுகு அவ்வளவு பொருத்தமில்லை. எடை கூடக்கூட மெழுகை இளக்க வேண்டியிருக்கும். இளகிய மெழுகு படலத்தை விட்டுச் செல்லும். ஓவியப் பலகையில் அந்தப் படலம் பெருந்தொல்லை, ஏனெனில் கற்களைப் பதித்த பின்னரே மக்கு வேலையும் (சுண்ணப்பொடியும் பசையும் கலந்த விழுதால் மேடாக்குவது) தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவதும் நடக்கின்றன. எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் மக்கும் பிடிக்காது, ரேக்கும் பிடிக்காது. ஓவியப் பலகைக்கு அருகில் மெழுகுக் கோலைக் கொண்டுபோகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பதிலாக, மைப் பேனாவுக்கு மை நிரப்பும் இங்க் ஃபில்லர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்துப் புட்டியின் ரப்பர் குமிழ் வைத்த குழாயும் ஆகும். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு ட்யூபில் ஒரு சென்டிமீட்டர் நறுக்கி, அதைக் குழாயின் முனையில் இழுத்துச் செருகி, 2 மில்லிமீட்டர் மட்டும் முனைக்கு வெளியே நீட்டியிருக்கும்படி விட வேண்டும். அந்த மென்மையான ரப்பர் உதடுதான் கல்லின் முகத்தோடு காற்றுப் புகாமல் பொருந்துகிறது. வெட்டு நேராக இருக்க வேண்டும். புது பிளேடால் ஒரே வெட்டாக வெட்டினால் நேராக வரும், கத்தரிக்கோல் ட்யூபை நசுக்கிவிடும்.

குமிழை இலேசாக அழுத்திக்கொண்டு முனையைக் கல்லின் நடுவில் இருக்கும் தட்டையான பகுதியில் பொருத்தி, அழுத்தத்தை விட்டால் கல் மேலே வரும். மீண்டும் அழுத்தினால் இறங்கும். கல்லின் மேல் முகம் தட்டையாகவோ ஒரே சீரான வளைவாகவோ இருந்தால்தான் இது பிடிக்கும். உச்சி கூர்மையாகவோ நிறையப் பட்டைகளோடோ இருந்தால் இடுக்குகளின் வழியே காற்று புகுந்து கல் விழுந்துவிடும். ட்யூபின் நுனியை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் பிடி நன்றாகக் கூடும். ஊசி இல்லாத புதிய சிரிஞ்சிலும் இதே ட்யூபைப் பொருத்தலாம். ஆனால் பிஸ்டனை இழுக்க மற்றொரு கை வேண்டியிருப்பதால் நான் அதை விரும்புவதில்லை.

நான்கைந்து கற்கள் மட்டுமே ஒட்ட வேண்டியிருந்தால் எந்தக் கருவியும் செய்ய வேண்டாம். ஈர்க்கின் நுனியை நனைந்த பஞ்சில் தொட்டு, அந்த ஈரத்தாலேயே சிறு கல்லை எடுத்து வைத்துவிடலாம். நாக்கில் தொட்டு எடுக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பசையும் பூச்சும் வாய்க்குள் போகும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஒரு தவறும் அதன் காரணமும்

உறவுப் பெண்ணின் நிச்சயதார்த்த ரவிக்கைக்கு நான் பதித்த கற்கள், அவள் மேடையில் அமர்ந்திருந்தபோதே தோள்பட்டையிலிருந்து உதிரத் தொடங்கின. பசையின் மேல் பழி போட்டுவிட்டு அடுத்த ரவிக்கையிலும் அதே தவறைச் செய்திருப்பேன். நல்ல வேளையாக உதிர்ந்த கற்களை எடுத்துப் பார்த்தேன். முதுகில் மெல்லிய கறுப்புப் படலம் இருந்தது. கோலை உருட்டிச் சரிசெய்த அதே டப்பா மூடியில்தான் கற்களையும் கொட்டி வைத்திருந்தேன். மூடியில் படிந்த மெழுகும் எண்ணெயும் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் ஏறியிருந்தன. துணிப்பசை எண்ணெயின் மேல் பிடிக்காது. அன்றிலிருந்து மெழுகைத் தொடும் தட்டு வேறு, கல் இருக்கும் தட்டு வேறு. மெழுகைப் பிசைந்த பிறகு சீயக்காய் போட்டுக் கையைக் கழுவாமல் கல் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. கல்லின் முகத்தில் மெழுகு ஒட்டியிருந்தால், பசை நன்றாகக் காய்ந்த மறுநாள் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். நெயில் பாலிஷ் நீக்கியால் துடைத்தால் பசையும் பூச்சும் சேர்ந்து கரையக்கூடும்.

அக்கினி நட்சத்திர நாள்களில் மெழுகு முனை தானே இளகிச் சாய்ந்துவிடும். அந்த மாதத்துக்கென, 20 கிராமுக்குக் கால் தேக்கரண்டி எண்ணெய் மட்டும் சேர்த்த தனி உருண்டை ஒன்றை வைத்திருக்கிறேன். மெழுகு மிகவும் இளகும் மதிய வேளையில் கோலை மண்பானையின் மேல் சற்று நேரம் சாய்த்து வைத்தாலே இறுகிவிடும். வேலை இல்லாதபோது கோல்களைப் படுக்கவைத்தால் தூசி ஒட்டி முனை மழுங்கும். நெட்டி என்ற நீர்ச்செடியின் மென்மையான தண்டில் பொம்மைகள் செதுக்கும் தஞ்சாவூர்க் கைவினைஞர்களிடம் மிஞ்சும் நெட்டித் துண்டு கிடைத்தால், அதில் துளையிட்டுக் கோல்களை நேராகச் செருகி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைக்கலாம். நெட்டி மிக மென்மையானது என்பதால் ஊசி முனையும் கெடாது. கற்களும் இந்தச் சிறு முனைகளும் தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முனை எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்பார்கள். மெழுகு தேய்வதில்லை, அதன் மேற்பரப்பில் துணி நாரும் தூசியும் படிந்துதான் பிடி குறைகிறது. நூறு நூற்றைம்பது கல்லுக்கு ஒருமுறை நுனியை விரலிடையே மடித்து உருட்டினால் உள்ளிருக்கும் புது மெழுகு வெளியே வரும். அது சாம்பல் நிறமாக மாறி, உருட்டியும் பிடிக்காத நாள் வந்தால், பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது உருண்டை வையுங்கள். ஈர்க்கு அதே ஈர்க்காக இருக்கலாம்.